இரண்டு பேரின் நிழல்

காரைக்காலில் உப்புக்கிடங்குத் தெருவுக்கு வந்து படம் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், போகும்போது தங்கள் பெட்டிகளையும் வயர்களையும் மடக்கு நாற்காலிகளையும் குடித்து மீந்த தண்ணீர் பாட்டில்களையும்கூட ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போனது கட்டிப்பிடித்து நிற்கும் இரண்டு ஆண்களின் நிழலை மட்டும்தான்.

பழைய உப்புக்கிடங்கின் சுவர் மேற்கு பார்த்தது. காலையில் அதில் ஒன்றும் தெரியாது. மதியம் சாய்ந்து வெயில் சுவரில் ஏறும்போது, தெரு நடுவில் யாருமே நிற்காத ஓரிடத்தில் நான்கு பாதங்கள் தொடங்கும், தரையில் நீளும், சுவரடியில் மடிந்து மேலே ஏறும், இரண்டு உடம்புகளாகி, ஒன்றின் தோளில் ஒன்று தலை சாய்த்து, நான்கு கைகளும் யார் கை எது என்று பிரிக்க முடியாதபடி பின்னி, வெயில் இறங்கும்வரை அப்படியே நிற்கும். மறுநாள் மதியம் மறுபடி வரும்.

அது பட நிழல்தான், வெள்ளைக்காரர்களின் லைட்டு பலமான லைட்டு, இரண்டு நாளில் வற்றிவிடும் என்று தெரு முதலில் நினைத்தது. படத்தின் கதை எல்லோருக்கும் ஓரளவு தெரிந்திருந்தது. மார்செய் என்ற துறைமுக ஊரில் ரொட்டி சுடும் ஒருவனும் கப்பலில் மெக்கானிக்காக இருக்கும் ஒருவனும் காதலர்கள். மெக்கானிக் ஒருநாள் சொல்லாமல் கப்பலேறிப் போய்விடுகிறான். ரொட்டிக்காரன் ஊர் ஊராகத் தேடிக் கடைசியில் நம் சுவருக்கு முன்னால் அவனைக் கண்டுபிடிக்கிறான். இரண்டு ஆம்பிளைகளா என்று கேட்டவர்கள், அது அவர்கள் ஊர் சங்கதி என்று தாங்களே பதில் சொல்லிக்கொண்டு, தங்கள் வீட்டு வாசல் படத்தில் விழுமா என்பதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

படக் குழுவுக்குத் தெருவிலிருந்து இரண்டு பேர் வேலை செய்தார்கள். ஒருவன் கபிரியேல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அமலதாசின் ஒரே மகன், பிரான்சுக்குப் போகக் காத்திருக்கிறவர்களுக்கு வீட்டு மாடியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவன், படக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளன். சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து சரியாகச் சேராததால் அவனுடைய இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்; தெருமுனையில் திரும்பும்போதே கபிரியேல் வருகிறான் என்று தெரிந்துவிடும். இன்னொருவன் திருமேனி. மைக் செட், சீரியல் லைட்டு, ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்காரன். காரைக்காலில் அவன் விளக்குப் போடாத கல்யாணமோ திருவிழாவோ சாவு வீடோ கிடையாது.

இந்த இருவரும் காதலர்கள் என்பது இவர்கள் இருவரையும் தவிர யாருக்கும் தெரியாது. அமலதாசின் பட்டாள நண்பர்கள் நடத்திய ஒரு விழாவுக்கு மைக் கேட்டுக் கபிரியேல் கடைக்கு வந்த நாளில் தொடங்கியது. கடைக்கு மேலே பரணில், அடுக்கி வைத்த ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் சுருட்டி வைத்த வயர்களுக்கும் நடுவே, ஒரு ஆள் முழுதாக நிமிர முடியாத இடத்தில் வருஷக்கணக்காகச் சந்தித்துக்கொண்டார்கள். தெருவில் எதிர்ப்பட்டால் தலையசைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். வெளிச்சத்தில் ஒருவரை ஒருவர் தொட்டதில்லை.

கடைசிக் காட்சி எடுத்த அன்று, படக் குழு தெரு ஜனம் முழுவதுக்கும் மீனவர் சங்கக் கட்டடத்தில் பிரியாணி போட்டது. சத்தம் இல்லாமல் வேலை நடக்க அதுதான் வழி என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தெருவே சாப்பிடப் போய்விட்டது. நடிகர்கள் இருவரும் வேனில் ஏசியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எலேன் என்ற அந்த இயக்குநரம்மா, வெயில் சரியான சாய்வில் இருக்கிறது, லைட்டைச் சரிபார்க்க நடிகர்களின் உயரத்தில் இரண்டு பேர் வேண்டும் என்று சுற்றிப் பார்த்துவிட்டு, கபிரியேலையும் வெள்ளித்தாள் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்த திருமேனியையும் கைகாட்டினாள்.

"நம்மள அங்க போய் நிக்கச் சொல்றாங்க," என்றான் கபிரியேல்.

"எப்படி நிக்கணும்?"

கபிரியேல் எலேனை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "கட்டிப்பிடிச்சு," என்றான் பிறகு.

நின்றார்கள். முதலில் மரக்கட்டை போலத்தான் நின்றார்கள். எலேன் ஏதோ சொன்னாள். "இன்னும் கிட்ட வரச் சொல்றாங்க," என்றான் கபிரியேல். இன்னும் கிட்டப் போனான் திருமேனி. பாதி ஊர் வாழும் தெருவில், அம்மா காய்கறி வாங்கப் போகும் வழியில், பட்டப்பகலில், முதுகில் வெயில் சுட, தாழ்ந்த அந்தத் தோளில் முகத்தை வைத்தான். கபிரியேலின் சட்டையில் கஞ்சி வாசமும் வியர்வையும் இருந்தன. தன் நெஞ்சு அடிப்பதா அவன் நெஞ்சு அடிப்பதா என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டான். எலேன் மறுபடி ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"அசையாதீங்கன்னு."

போதும், வந்துவிடுங்கள் என்றுதான் அவள் சொன்னாள். கபிரியேல் அதைத் தமிழில் சொல்லவில்லை. அவள் இரண்டாம் முறை சொன்னபோதும் சொல்லவில்லை. ஒளிப்பதிவாளர் வந்து தோளைத் தட்டிய பிறகுதான் விலகினார்கள், நடிகர்கள் வந்து நின்றார்கள், படம் பிடித்தாயிற்று.

நிழல் வற்றவில்லை. தெரு நலச் சங்கத் தலைவர் ராசப்பா ஆள் வைத்துத் தேய்த்துக் கழுவினார். ஈரச் சுவரில் நிழல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. சுண்ணாம்பு அடித்தார்கள், சுண்ணாம்பின் மேல் வந்து விழுந்தது. பச்சை பெயிண்ட் அடித்தார்கள், பச்சையின் மேலும் விழுந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். இறந்தவரின் நெற்றியில் இரண்டு பேர் கட்டிப்பிடித்து நின்றதைப் பார்த்து அவர் வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். அதோடு கட்சிக்காரர்களும் அந்தச் சுவரை விட்டுவிட்டார்கள். காரைக்காலிலேயே போஸ்டர் இல்லாத சுவர் அது ஒன்றுதான் என்று ஆனது.

அது யார் யாருடைய நிழல் என்று திருமேனிக்கு மற்றவர்களுக்கு முன்பே தெரிந்தது. படக் குழு போன மறுநாள் ஒரு கல்யாண வீட்டுக்குத் தோளில் ஏணியை வைத்துக்கொண்டு நடந்தபோது, தனக்கு முன்னால் தரையில் ஏணியின் நிழல் மட்டும் யாரும் தூக்காமல் தானாகப் போய்க்கொண்டிருந்ததை அவன் பார்த்தான். ஏணியை இறக்கி வைத்தான். கையை நீட்டினான், காலைத் தூக்கினான். தரையில் வெயில் அப்படியே கிடந்தது. அன்றிலிருந்து குடை பிடித்து நடக்க ஆரம்பித்தான். கடையில் நான்கு பக்கமும் டியூப்லைட் போட்டான், பல பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் யாருக்குமே நிழல் சரியாக விழாது என்பது அவன் தொழிலில் பாலபாடம். கண்ணில் ஏதோ கோளாறு, வெயில் ஆகவில்லை என்று கேட்டவர்களிடம் சொன்னான். யாரும் நிறையக் கேட்கவில்லை. எவர் காலடியையும் எவரும் உற்றுப் பார்ப்பதில்லை.

கபிரியேல் குடை பிடிக்கவில்லை. ஒரு மதியம், சுவருக்கு முன்னால் ராசப்பாவும் ஆட்களும் நின்று இதற்கு என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தபோது, அவன் வழக்கம்போல அந்த வழியாக வந்தான். மீன் விற்கும் காத்தாயிதான் முதலில் அவன் காலடியைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள், அதில் ஒரு நிழலின் தாழ்ந்த தோளைப் பார்த்தாள்.

"ஏ தம்பி, அது நீயில்ல?"

கபிரியேல் நின்றான். சுவரைப் பார்த்தான். "ஆமாக்கா, நாந்தான்," என்றான், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல.

"அது யாரு, கூட?" என்று கேட்டார் ராசப்பா.

கபிரியேல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். மனிதர்கள் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் பார்வை எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். எதிரே டீக்கடைக் கூரைக்குக் கீழே கையில் கிளாசோடு நின்றிருந்த திருமேனியை ராசப்பாவே கூப்பிட்டார்.

"ஏப்பா, அன்னிக்கு லைட்டு போட்டவன் நீதானே. நீ சொல்லு, அது யாரு?"

தெரியாது என்று சொல்லலாம். நான் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்த திருமேனி, அடுத்த பார்வை தன் காலடிக்கு வந்துவிடும் என்று பயந்து, சீக்கிரம் அவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் நினைக்காமல் சொன்னான்: "அந்தப் பிரெஞ்சு நடிகருண்ணே. அந்த நெட்டையா இருந்தாருல்ல, அவரு. ரிகர்சலுக்குன்னு ரெண்டு பேரும் நின்னாங்க."

நடிப்புக்காக நின்றிருந்தால் நிழல் கபிரியேலோடு போயிருக்குமே என்றார் ஒருவர். அந்தப் பேச்சு எல்லோருக்கும் சரியாகப் பட்டது. அந்த நடிகர்கள் எத்தனை ஊரில் எத்தனை பேரைக் கட்டிப்பிடித்திருப்பார்கள், எங்காவது நிழல் ஒட்டிக்கொண்டதா? பொய்யாக நின்றால் ஒட்டாது. இது ஒட்டியிருக்கிறது. வெள்ளைக்காரன் வந்த இடத்தில் நம் பையன் இப்படியா என்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பேசிவிட்டது, ராத்திரிக்குள் ஊர் முழுக்க.

யாரும் கபிரியேலை அடிக்கவில்லை. பாடம் படிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். முடிவெட்டுகிறவர் அவன் நுழையும்போது கடையைக் கழுவ ஆரம்பித்தார். டீக்கடையில் அவனுக்கு மட்டும் காகிதக் கப்பில் டீ வந்தது. அவன் நடந்தால் பின்னால் பிள்ளைகள் அவன் நிழல் விழ வேண்டிய இடத்தில் குதித்துக் குதித்து வந்தார்கள். அமலதாஸ் பட்டாளத்துக்காரர், தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மகனோடு தெருவின் கடைசிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

ஒரு நாள் கபிரியேல் பரணுக்கு ஏறி வந்தான். உட்காரவில்லை, குனிந்தபடியே நின்றான்.

"நீயும் சொல்லுன்னு நான் கேக்கல," என்றான். "தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல. ஏன் அவன்னு சொன்ன?"

"வாயில வந்துருச்சு."

"அவன் பேரு என்னன்னாவது தெரியுமா உனக்கு? எனக்கே மறந்துபோச்சு."

திருமேனி கையிலிருந்த வயரை அவிழ்த்து மறுபடி சுற்றினான். கபிரியேல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கிப் போனான். அந்த வாரமே சிதம்பரத்துக்கு வீடு மாறிப் போனான் என்று காத்தாயி சொல்லித்தான் திருமேனிக்குத் தெரிந்தது. அமலதாஸ் கூடப் போக மறுத்துவிட்டார். இந்தத் தெருவை விட்டுப் போக வேண்டியவன் நானில்லை என்று சொல்லிவிட்டாராம்.

கபிரியேல் போனான், நிழல் போகவில்லை. கோடை வந்தது. அந்தத் தெருவில் மதியத்துக்கு மேல் ஒதுங்க இடமே கிடையாது. இருந்த ஒரே வேப்பமரமும் புயலில் விழுந்தாயிற்று. அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள், தலைச்சுமையோடு தள்ளாடி வந்த காத்தாயி வேறு வழியில்லாமல் அந்த நிழலில் கூடையை இறக்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆற்றோரம் உட்கார்ந்த மாதிரி குளுகுளுவென்று இருந்தது என்றாள். அவளைப் பார்த்து மற்ற மீன்காரிகளும் வந்தார்கள். நிழலில் வைத்த மீன் சாயங்காலம்வரை கண் மங்காமல் இருந்தது. வெயில் ஏற ஏற நிழல் அகலமானது. ஆட்கள் கூடக் கூட இடம் கொடுத்தது. ஆட்டோக்காரர்கள் அங்கே ஸ்டாண்டு போட்டார்கள், நாய்கள் வந்து படுத்தன, கைக்குழந்தைக்காரிகள் தூளி கட்ட முடியுமா என்று பார்த்தார்கள். அந்த நிழலில் உட்கார்ந்துகொண்டுதான் கபிரியேலைப் பற்றியும் பேசினார்கள். அவன் தோளில் சாய்ந்துகொண்டு அவனை ஏசுகிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை; தோன்றியவர்கள் சொல்லவில்லை.

திருமேனி மட்டும் அந்த நிழலுக்குள் கால் வைக்கவில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு போனான்.

அவனுக்கு வீட்டில் பெண் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள் என்பதால் சரி என்றான். திருமலைராயன்பட்டினத்துப் பெண், தமயந்தி என்று பெயர், கால்நடை மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் வேலை. மாட்டின் கண்ணைப் பார்த்தே அதற்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவாள். கல்யாணமான மறுநாள் காலை, மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அவனும் கூட நின்றான். தரையில் கொடிக்கயிற்றின் நிழல், புடவையின் நிழல், அவளுடைய நிழல். அவள் குனிந்து பார்த்தாள். ஈரத் துணியை மெதுவாக வாளியில் போட்டாள். அவள் தினமும் வேலைக்குப் போய்வந்தது உப்புக்கிடங்கு வழியாகத்தான்.

"அந்த ஆளு இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டாள்.

"சிதம்பரத்துல."

"உங்களுக்குக் கல்யாணம்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கழுத்தை நீட்டினவளுக்குத்தான் தெரியல." அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது. சொல்ற வரைக்கும் எனக்கு உங்ககிட்டப் பேச ஒண்ணுமில்ல."

அவள் சொன்னபடியே இருந்தாள். சமைத்தாள், வேலைக்குப் போனாள், அவன் அம்மாவோடு சிரித்துப் பேசினாள். அவனைப் பார்க்கும்போது மட்டும், காட்டக் கொண்டுவந்த மாட்டை விட்டுவிட்டுக் கொண்டுவந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். திருமேனிக்குச் சோறு இறங்கவில்லை. விளக்குப் போடும் இடங்களில் சுவிட்சைப் போட்டுவிட்டு, சீரியல் லைட்டின் சிவப்பும் பச்சையும் எல்லோருடைய முகத்திலும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மூலையில் நிற்பான். மாலையும் கழுத்துமாக யாரைப் பார்த்தாலும், அந்தப் பிரெஞ்சு நடிகருண்ணே என்று தன் குரல் தனக்குக் கேட்கும்.

அடுத்த கோடையில் படம் வந்து சேர்ந்தது. பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், இயக்குநரம்மா தெருவுக்கு நன்றி சொல்லிக் கொடுத்தனுப்பியது என்று பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். நம்ம தெரு வர்ற படம், எல்லோருமாகப் பார்த்தே ஆக வேண்டும் என்றார் ராசப்பா. ஞாயிற்றுக்கிழமை மதியம் மீனவர் சங்கக் கட்டடத்தில் ஜன்னல்களைத் தார்ப்பாய் போட்டு மூடி இருட்டாக்கினார்கள். திரையும் புரொஜெக்டரும் மைக்கும் திருமேனியுடையவை. வேறு யாரிடம் கேட்பார்கள்? பிரெஞ்சு தெரிந்தவர் வேண்டுமே என்று பேச்சு வந்தபோது, தெரிந்தவனை ஊரை விட்டு அனுப்பிவிட்டது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. பின்வரிசையிலிருந்து அமலதாஸ் எழுந்தார். "நான் சொல்றேன்," என்று மைக்கை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

படம் ஓடியது. இரண்டு பேரும் முத்தமிட்டபோது சிலர் எழுந்து போனார்கள், சிலர் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். நம்ம தெரு எப்ப வரும் என்ற ஆவலில் மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் போகப் போக முணுமுணுப்பு அடங்கியது. அமலதாஸ் ஏற்ற இறக்கம் இல்லாமல், வந்த வசனத்தை வந்தபடி சொல்லிக்கொண்டே போனார். ரொட்டிக்காரனின் வீட்டில் விருந்து. அவனுடைய அம்மா வாசலில் நிற்கும் மெக்கானிக்கைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"யாருடா அதுன்னு கேக்குறாங்க," என்றார் அமலதாஸ்.

ரொட்டிக்காரன் ஒரு வார்த்தை சொன்னான். அமலதாஸ் மைக்கை வாயருகே வைத்தபடி கொஞ்சம் தாமதித்தார்.

"யாரோ, எனக்குத் தெரியாதுங்கிறான்."

மெக்கானிக் அதைக் கேட்டான். திரும்பி நடந்தான். அவன் சொல்லாமல் கப்பலேறியதற்குக் காரணம் அதுதான் என்று கூட்டத்துக்கு அப்போதுதான் புரிந்தது. "அடப்பாவி," என்றாள் ஒருத்தி. புரொஜெக்டருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த திருமேனி, மகனைப் பறிகொடுத்த மனிதரின் குரலில் தன் மறுப்பைக் கேட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டான்.

கடைசியில் தெரு வந்தது. என் வாசல், என் சைக்கிள் என்று கூட்டம் எழுந்து உட்கார்ந்தது. மதிய வெயிலில் மஞ்சள் சுவர். தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஒருவனும் இந்தக் கோடியிலிருந்து ஒருவனும் நடந்து வர ஆரம்பித்தார்கள்.

"இருங்க, இருங்க," என்றாள் காத்தாயி. "அவனுவ இன்னும் வந்தே சேரல. நெழலு அங்கன நிக்குதே."

நின்றது. நடிகர்கள் வெகு தூரத்தில் இருக்கும்போதே, தாழ்ந்த தோளில் தலை சாய்த்து, நான்கு கைகளும் பின்னி, சுவரில் நின்றது. நடிகர்கள் வந்தார்கள், கட்டிக்கொண்டார்கள், அவர்களுடைய சொந்த நிழல் அந்த நிழலுக்குப் பக்கத்தில் வெளுப்பாக விழுந்தது, அவர்கள் விலகியதும் கூடவே போயிற்று. அது போகவில்லை.

"அப்ப வெள்ளைக்காரன் இல்ல," என்றார் ராசப்பா இருட்டில். பிறகு, "திருமேனி, என்னப்பா சொன்ன நீ அன்னிக்கு?" என்றார்.

திருமேனி எழுந்தான். வெளியே போகத்தான் எழுந்தான் என்று பிறகு அவனே சொன்னான். ஆனால் கதவுப் பக்கத்தில் தமயந்தி நின்றுகொண்டிருந்தாள், அவள் முகத்தைப் பார்த்ததும் கால்கள் மறுபக்கம் திரும்பிவிட்டன. நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, புரொஜெக்டரின் வெளிச்சத்துக்குள் நுழைந்து, திரைக்கு முன்னால் போய் நின்றான். அவனுடைய வெள்ளைச் சட்டையில் சுவரும் வெயிலும் ஓடின. திரையில் அவனுடைய நிழல் விழவில்லை. ஒரு விரல் அளவுக்குக்கூட விழவில்லை. முதல் வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"நாந்தான்," என்றான் திருமேனி. "அன்னிக்கும் நாந்தான். அதுக்கு முந்தியும் நாந்தான்."

அமலதாசின் கையில் மைக் இருந்தது. அவர் அதைத் தாழ்த்த மறந்துவிட்டார் போல. மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் கட்டடம் முழுக்கக் கேட்டது.

"இவ்வளவு நாளா, தம்பி?"

திருமேனி அந்த வெளிச்சத்திலேயே நின்றான்.

மறுநாள் மதியம் வெயில் சுவரில் ஏறியபோது ஒரு நிழல்தான் இருந்தது. தோள் தாழ்ந்தது போய்விட்டது. மற்றது இருந்த இடத்திலேயே நின்றது, தலை சாய்ந்தபடி, இரண்டு கைகளும் வெறும் வெளிச்சத்தைச் சுற்றி வளைத்தபடி. மீன்காரிகள் வந்து பார்த்துவிட்டு, கூடைகளை நெருக்கி வைத்துக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்தார்கள். பாதிக் கூடைகளுக்கு நிழல் போதவில்லை. அன்று அங்கே யாரும் யாரையும் ஏசவில்லை.

திருமேனியையும் யாரும் அடிக்கவில்லை. ராசப்பா திருவிழா விளக்கை நாகூர்க்காரருக்குக் கொடுத்தார். டீக்கடையில் காகிதக் கப் வந்தது, வாங்கிக் குடித்தான். அவன் அம்மா அழுதாள், அவனோடு பேசாமல் இருந்தாள், பிறகு சோறு போட்டாள். தமயந்தி நெடுங்காட்டுக்கு மாற்றல் வாங்கினாள். பெட்டியைக் கட்டிவிட்டு, "சொன்னீங்க. அதுக்கு நன்றி. எனக்குச் செஞ்சதுக்கு வக்கீல் வச்சுப் பேசிக்கலாம்," என்றாள். பஸ் ஸ்டாண்டுவரை அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான், குடை இல்லாமல், ஊர் பார்க்க. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதன் பிறகுதான் அவன் சிதம்பரத்துக்குப் போனான். கபிரியேல் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எதிரே நின்றான். முதலில் தெருமுனையில் ஒரு நிழல்தான் திரும்பியது. இடது தோள் தாழ்ந்து, கையில் புத்தகப் பையோடு. அதற்குப் பின்னால் கபிரியேல் வந்தான். இளைத்திருந்தான், கண்ணாடி போட்டிருந்தான்.

"எப்ப வந்துச்சு?" என்று கேட்டான் திருமேனி, வேறு எதையும் கேட்கத் தோன்றாமல்.

"ஞாயித்துக்கிழமை. பாடம் எடுத்துக்கிட்டிருந்தேன். சார், போர்டு மறைக்குதுன்னு ஒரு பொண்ணு சொல்லிச்சு. திரும்பிப் பாத்தா என் நெழலு." அவன் பையைக் கை மாற்றிக்கொண்டான். "வெளிய போய் உக்காந்து அழுதேன். பிள்ளைங்க பயந்துபோச்சு."

"நான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

"அப்பா போன் பண்ணாரு."

"மன்னிப்புக் கேக்க வந்தேன், கபிரியேல்."

"தெரியுது."

ஒரு ஆட்டோ அவர்களுக்கு நடுவே புகுந்து போனது. கபிரியேல் அது போகும்வரை காத்திருந்தான்.

"நீ பயந்தேன்னு எனக்குக் கோவம் இல்ல. நானும் பயந்தவன்தான். இத்தனை வருஷம் பரண்ல ஒளிஞ்சவன்தான். ஆனா வாழ்க்கையில ஒரே ஒரு தடவை வெயில்ல நின்னோம். அதை நீ வேற ஒருத்தனுக்குத் தூக்கிக் குடுத்துட்ட. அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது."

திருமேனி தலை குனிந்தான். வெறும் தரையைத்தான் பார்க்க முடிந்தது.

"ஊருக்கு வரியா?" என்றான்.

"இல்ல."

"என்னோடது மட்டும் அங்கயே நிக்குது."

"எப்படி நிக்குது?"

"அப்படியேதான். கை ரெண்டும்..." கையைத் தூக்கிக் காட்டப் போய், பாதியில் இறக்கிக்கொண்டான்.

கபிரியேல் வீட்டுப் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பி, "நிக்கட்டும்," என்றான். "கொஞ்ச நாளைக்கு நீ மட்டும் நில்லு."

திருமேனி பஸ் பிடித்துத் திரும்பி வந்தபோது மதியம் சாய்ந்திருந்தது. முதல் முறையாக அவன் சுற்றிப் போகாமல் உப்புக்கிடங்கு வழியாகவே நடந்தான். காத்தாயி கூடைக்கு மேல் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் எங்கே போய் வந்தான் என்று தெருவுக்கே தெரிந்திருந்தது.

"அந்தப் புள்ள வருதா?"

"வரலக்கா."

"எப்ப வருமாம்?"

"சொல்லல."

காத்தாயி அவனைப் பார்த்தாள், சுவரில் தனியாக நின்ற நிழலைப் பார்த்தாள். முழங்காலைப் பிடித்து எழுந்து, கூடையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு போய் வெயிலில் வைத்து, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்ப அந்தப் புள்ள வர்ற வரைக்கும் நாங்களும் இங்கன வெயில்லயே இருக்கோம்," என்றாள். மற்ற பெண்கள் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தன் கூடையை இழுக்க ஆரம்பித்தாள்.